சேற்றில் பழகிய கால்கள் சாலையில் எவ்வளவு தூரம் தாங்கும்?

2018 மார்ச் 3 அன்று இத்தாலியின் டஸ்கனி பகுதியில் நடந்த ஸ்ட்ராடே பியாங்கே பந்தயத்தின் கடைசி ஏற்றத்தில், 23 வயது பெல்ஜியக்காரர் ஒருவர் சைக்கிளோடு சரிந்தார். பெயர் வவுட் வான் ஆர்ட். அன்று நல்ல மழை. அந்தப் பந்தயத்தின் அடையாளமான வெண்மண் சாலைகள் சேறாகிக் கிடந்தன. 184 கி.மீ. ஓட்டி முடித்து, சியனா நகரத்துச் சதுக்கம் கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்ட நிலையில், சாந்தா கத்தரினா தெருவின் செங்குத்தில் அவருடைய கால்கள் பிடித்துக்கொண்டன. எழுந்து சைக்கிளைச் சற்றுத் தூரம் தள்ளி, மறுபடி ஏறி மிதித்து, மூன்றாவதாக வந்து சேர்ந்தார். ஒரு மாதத்துக்கு முன்புதான் நெதர்லாந்தின் ஃபால்கன்பர்கில் சேற்றிலும் மணலிலும் சுற்றி ஓட்டும் சைக்கிள் பந்தயமான சைக்ளோகிராஸில் தொடர்ந்து மூன்றாவது முறையாக உலகப் பட்டம் வென்றிருந்தார்.

சேறும் வழுக்கலும் நிறைந்த அந்த நாள் அவருக்கென்றே விடிந்தது போலிருந்தது. சைக்கிளைக் கையாளுவதில் குறையே இல்லை. வேகத்தில் குறையில்லை. காலை வாரியது நீளம். சைக்ளோகிராஸ் வீரர்கள் தங்கள் ஓய்வுப் பருவத்தில் சாலைப் பந்தயத்துக்கு வரும்போது எதில் ஜொலிக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து ஞாயிறு விடியலில் நந்தி மலைக்குச் சைக்கிள் ஓட்டிப் போகும் குழுக்கள் உண்டு. ஏப்ரலில் பாரிஸ்–ரூபே பந்தயம் முடிந்ததும் இந்தக் குழுக்களில் இளையவர் யாராவது கேட்பார்: “அண்ணா, பனிக்காலம் முழுக்கச் சேற்றில் உருண்டுகொண்டிருந்தவன் சாலைக்கு வந்ததும் எப்படி எல்லோரையும் தோற்கடிக்கிறான்?” அடுத்த கேள்வியும் கூடவே வரும்: “அவ்வளவு பலசாலி என்றால் டூர் டி பிரான்ஸை ஏன் ஜெயிப்பதில்லை?” இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

சைக்ளோகிராஸ் பருவம் செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கி பிப்ரவரியில் முடிகிறது. பெல்ஜியமும் நெதர்லாந்தும் இதன் தாய்வீடு. பூங்கா, வயல், மணல்மேடு என்று எதையாவது வளைத்து இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் சுற்றுப்பாதை போடுவார்கள். அதில் சேறு, மணல், படிக்கட்டு, குறுக்கே நட்ட பலகைகள் எல்லாம் இருக்கும். பலகையின் உயரம் 40 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. டயரின் அகலம் 33 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆண்களுக்குச் சுமார் ஒரு மணி நேரம், பெண்களுக்குச் சுமார் 50 நிமிடம். சைக்கிளில் சேறு அப்பிக்கொண்டால், பாதையோரம் கழுவித் தயாராக வைத்திருக்கும் இன்னொரு சைக்கிளுக்கு மாறிக்கொள்ளலாம். பெரிய பந்தயங்கள் பெரும்பாலும் அங்கே பிற்பகல் மூன்று மணிவாக்கில் நடப்பதால், இங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பார்க்க வசதியாக இருக்கிறது.

அப்படிப் பார்க்கும்போது முன்னணியில் இருப்பவரைவிட வளைவுகளைக் கவனியுங்கள். சேற்று வளைவு நெருங்கும்போதே நல்ல வீரர் பிரேக்கைப் பிடித்து முடித்திருப்பார். வளைவுக்குள் பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் வழுக்கும். உள்பக்கக் காலை மிதியிலிருந்து கழற்றித் தரையை ஒட்டி நீட்டியிருப்பார். பார்வை சக்கரத்தின் அடியில் இருக்காது. வளைவு முடியும் இடத்தில் இருக்கும். டயரில் 20, 25 பிஎஸ்ஐ அளவுக்குத்தான் காற்று; அது தரையில் நசுங்கிப் பிடிமானம் தேடிக்கொள்கிறது. வளைவிலிருந்து வெளிவந்த நொடியில் இருக்கையைவிட்டு எழுந்து ஏழெட்டு மிதி, முழு பலத்தோடு. உடனே அடுத்த வளைவு. மறுபடி பிரேக், மறுபடி மிதி. ஒரு சுற்றில் இது பல பத்து முறை நடக்கிறது. இரண்டு பாய்ச்சலுக்கு நடுவே கிடைப்பது சில நொடி ஓய்வு. கபடியில் பாடிப் போனவர் மூச்சு தணியும் முன்பே மறுபடி பாடப் போவதைப் போல, உடல் பாதி ஆறிய நிலையிலேயே அடுத்த வீச்சுக்குத் தயாராக வேண்டும். இதயம் ஏறக்குறைய அந்த ஒரு மணி நேரமும் உச்சத்துக்கு அருகிலேயே துடிக்கிறது.

சாலைப் பந்தயத்தின் கணக்கு வேறு. பெரிய ஒருநாள் பந்தயங்களில் மிலான்–சான் ரெமோ கிட்டத்தட்ட 290 கி.மீ. ஃபிளாண்டர்ஸ் சுற்று சுமார் 270 கி.மீ. பாரிஸ்–ரூபே சுமார் 260 கி.மீ.; அதில் 55 கி.மீ. கல் பதித்த கரடுமுரடான பாவுகல் பாதை. இவை ஒவ்வொன்றும் ஐந்தரை முதல் ஆறரை மணி நேரம் பிடிக்கும். கூட்டத்தின் நடுவே காற்றுக்கு மறைந்து ஓட்டினால் மிதிக்கும் உழைப்பு வெகுவாகக் குறையும் என்பதால், முதல் நான்கு மணி நேரத்தில் வெளிப்பார்வைக்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பந்தயத்தைத் தீர்மானிக்கும் கடைசி ஒரு மணி நேரம் வந்தவுடன் காட்சி மாறிவிடும். குறுகிய பாதை, குட்டையான செங்குத்து ஏற்றங்கள், அடுத்தடுத்து வளைவுகள், ஒவ்வொரு வளைவுக்குப் பின்னும் ஒரு பாய்ச்சல். சைக்ளோகிராஸ் வீரருக்கு அந்த ஒரு மணி நேரம் அத்துப்படி. அதுவரை வந்து சேர்வதற்கான நான்கைந்து மணி நேரத்தைத்தான் அவர் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், கோடைக்காலச் சாலைப் பந்தயங்கள் அவருக்குத் தருவது இந்த நான்கைந்து மணி நேரத்தை மட்டும்தான். மற்றதெல்லாம் சேற்றிலேயே கிடைத்துவிட்டது.

நீளம் உடலை என்ன செய்கிறது என்று பார்ப்போம். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து, கடுமையாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத் தாக்குப்பிடிக்கும். சைக்ளோகிராஸில் அதற்குள் பந்தயமே முடிந்துவிடும் என்பதால் ஓட்டிக்கொண்டே சாப்பிட வேண்டிய தேவை எழுவதில்லை. சாலையில் மணிக்கு 90 கிராம், இப்போதெல்லாம் 120 கிராம் வரைகூட மாவுச்சத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதை ஏற்கக் குடலுக்கும் பயிற்சி வேண்டும். இன்னொன்று, களைத்த கால்களின் வேகம். புத்துணர்ச்சியோடு இருக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் எத்தனை வாட் திறனோடு மிதிக்கிறார் என்பது பெரிய வித்தையல்ல. நான்கு மணி நேரம் மிதித்து முடித்த பிறகு அதே ஐந்து நிமிடத்துக்கு எத்தனை வாட் மிஞ்சுகிறது என்பதே பந்தயத்தைத் தீர்மானிக்கிறது.

அது கைவரச் சில கோடைகள் தேவைப்படுகின்றன. சைக்ளோகிராஸிலிருந்து வந்து இன்று உலகமே கொண்டாடும் நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூலுக்கும் அதுதான் நடந்தது. 2019 ஏப்ரலில் ஆம்ஸ்டெல் கோல்ட் பந்தயத்தின் கடைசிக் கிலோமீட்டர்களில், கைவிட்டுப்போனதாக எல்லோரும் எண்ணியிருந்த பந்தயத்தைத் துரத்திப் பிடித்து வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில், இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் உலகச் சாலைப் போட்டி. மழையால் குறைத்தும் 260 கி.மீ. இருந்தது. முன்னணிக் குழுவில் அவர்தான் பலசாலி என்று பார்த்தவர்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தபோது, முடிய பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் திடீரென்று கால்கள் நின்றுபோயின. முந்திச் செல்பவர்களைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி வந்து முடித்தார். இப்படி ஒரு நாள் வராமல் சேற்றிலிருந்து நேராகச் சாலையின் உச்சிக்குப் போனவர் அரிது.

மறுகோடைகளில் கணக்கு நேரானது. வான் ஆர்ட் 2020 ஆகஸ்டில் அதே ஸ்ட்ராடே பியாங்கேயை வென்றார். அடுத்த வாரமே 300 கி.மீ.க்கும் நீளமான மிலான்–சான் ரெமோவையும் வென்றார். அந்த அக்டோபரில், தொற்றுக்காலத்தால் தள்ளிப்போன ஃபிளாண்டர்ஸ் சுற்றின் கடைசி நூறு மீட்டரில் எஞ்சியவர்கள் இரண்டே பேர்: வான் டெர் பூல், வான் ஆர்ட். சிறுவயது முதல் பனிக்காலம்தோறும் சேற்றில் மோதிய அதே இருவர். டயர் அகல வித்தியாசத்தில் வான் டெர் பூல் வென்றார்.

பிறகு அவர் பாரிஸ்–ரூபேயை 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றதில் கால் பலத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு கைக்கும் கண்ணுக்கும் உண்டு. 2025-இல் முடிய சுமார் 38 கி.மீ. இருக்கும்போது முன்னால் போய்க்கொண்டிருந்த தாதே போகச்சார் ஒரு வளைவுக்குள் அதிக வேகத்தில் புகுந்து, திருப்ப முடியாமல் ஓரத்தில் போய் விழுந்தார். ஒட்டிப் பின்தொடர்ந்த வான் டெர் பூல் அதே வளைவை அலட்டிக்கொள்ளாமல் கடந்தார். உலகின் தலைசிறந்த சாலை வீரரிடமிருந்து பந்தயம் கைமாறியது அங்கேதான். 2023 கிளாஸ்கோ உலகச் சாலைப் போட்டி இன்னும் பொருத்தமான சான்று. நகரத்துக்குள் ஒரு சுற்றில் நாற்பதுக்கும் மேற்பட்ட வளைவுகள். பத்துச் சுற்றுகள். தார் போட்ட சைக்ளோகிராஸ் பாதை என்றே அதைச் சொல்லலாம். வான் டெர் பூல் தனியாக முன்னால் போகும்போது ஈரமான வளைவில் விழுந்து, எழுந்து, அப்படியும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் முன்னிலையோடு வென்றார். இரண்டாவது வான் ஆர்ட். மூன்றாவது போகச்சார்.

டூர் டி பிரான்ஸ் கேள்விக்கு வருவோம். அதில் ஒவ்வொரு நாளுக்கும் தனி வெற்றியாளர் உண்டு; ஆனால் மூன்று வாரப் பந்தயத்தின் ஒட்டுமொத்த வெற்றி ஆல்ப்ஸிலும் பிரனீஸிலும் முடிவாகிறது. 40, 50 நிமிடம் தொடர்ந்து ஏறும் மலைகளில் உடல் எடை ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை வாட் என்பதுதான் கணக்கு. வளைவும் பாய்ச்சலும் அங்கே உதவாது. சேற்றைப் பிளந்துகொண்டு போகவும் பாவுகல்லில் சைக்கிளை அழுத்திப் பிடிக்கவும் உதவும் 75 கிலோ உடம்பு, நெடிய மலையில் பாரம். வான் ஆர்ட் 2021 டூரில் மோன் வாந்து மலையைத் தாண்டும் நாளின் பந்தயத்தையும், தனித்தனியாக ஓட்டி நேரத்தை அளக்கும் நேரப் பந்தயத்தையும், பாரிஸின் கடைசி வேகப் பாய்ச்சலையும் ஒரே பதிப்பில் வென்று காட்டினார். மூன்று வெவ்வேறு வகை வீரர்கள் செய்யும் வேலையை ஒருவரே செய்த அருஞ்செயல் அது. ஆனாலும் ஒட்டுமொத்தப் பட்டத்துக்கு அவர் போட்டியில் இல்லை. மாறாக, 60 கிலோவுக்கும் குறைவான டாம் பிட்காக் 2022-இல் சைக்ளோகிராஸ் உலகப் பட்டத்தையும், அதே ஆண்டு ஜூலையில் டூரின் ஆல்ப் தூயே மலை வெற்றியையும் எடுத்தார். 2025-இல், டூரைப் போலவே மூன்று வாரம் நடக்கும் ஸ்பெயின் சுற்றில் மூன்றாவதாக வந்தார். ஆக, சைக்ளோகிராஸ் மலைக்குத் தடையல்ல. அந்த விளையாட்டு இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் உடம்புதான் மலைக்கு ஒத்துவருவதில்லை.

வரலாற்றிலும் இதற்கு ஆதாரம் உண்டு. 1950-இல் பாரிஸில் நடந்த முதல் சைக்ளோகிராஸ் உலகப் போட்டியை வென்றவர் ழான் ரோபிக். 1947 டூர் டி பிரான்ஸின் வெற்றியாளர். மூன்று முறை சைக்ளோகிராஸ் உலகப் பட்டம் வென்ற ஜெர்மானியர் ரோல்ஃப் வோல்ஃப்ஷோல் 1965-இல் ஸ்பெயின் சுற்றை வென்றார். பெல்ஜியத்தின் ரோஜர் டி விளாமிங்க் 1975-இல் சைக்ளோகிராஸ் உலகப் பட்டத்தையும் பாரிஸ்–ரூபேயையும் ஒரே ஆண்டில் வென்றார். ரூபே மொத்தம் நான்கு முறை. அந்தக் காலத்தில் சாலை வீரர்கள் குளிர்காலப் பயிற்சியாகச் சேற்றுக்குப் போனார்கள். பின்னர் இரண்டும் பிரிந்தன. தொண்ணூறுகள் முதல் சைக்ளோகிராஸுக்கென்றே வாழ்ந்த தலைமுறை உருவானது. அதன் உச்சம் ஸ்வென் நைஸ். 2005, 2013 உலகப் பட்டங்கள், எண்ணற்ற வெற்றிகள். ஆனால் சாலையில் பெரிய ஒருநாள் பந்தயம் எதையும் வென்றதில்லை. அவருக்குக் கோடை என்பது அடுத்த குளிர்காலத்துக்கான அடித்தளம். நான்கைந்து நாள் ஓடும் பந்தயங்களில் கலந்துகொண்டு உடலைக் களைக்க வைத்து, ஆகஸ்டில் ஆற வைத்து, செப்டம்பரில் கூர்மையோடு திரும்புவது அந்தத் தலைமுறையின் வழக்கம். தனியாகப் பயிற்சி செய்யும்போது நான்காம் நாள் களைப்பில் மனம் வீட்டுக்குத் திரும்பச் சொல்லும். பந்தயத்தில் கூட்டம் விடாது இழுத்துக்கொண்டு போகும். சாலைப் பந்தயத்தை அவர்கள் நாடியது இதற்காகத்தான். அங்கே அவர்கள் முப்பதாவதாகவோ அறுபதாவதாகவோ வந்ததை வைத்துத் திறமையை அளந்தால் அநியாயம்.

பிரிந்த இரண்டையும் மறுபடி இணைத்ததில் இருவருக்கு நான் தனி மதிப்பு வைத்திருக்கிறேன். 2008 சைக்ளோகிராஸ் உலகச் சாம்பியன் லார்ஸ் பூம் சாலைக்கு மாறி, 2014 டூரில் மழையில் நனைந்த பாவுகல் நாளின் பந்தயத்தை வென்றார். மூன்று முறை சாம்பியனான செக் நாட்டு ஸ்டெனெக் ஸ்டிபார் 2015-இல் ஸ்ட்ராடே பியாங்கேயையும் டூரின் ஒரு நாள் பந்தயத்தையும் வென்றார். ரூபேயில் இரண்டு முறை இரண்டாவதாக வந்தார். வான் ஆர்ட்டுக்கும் வான் டெர் பூலுக்கும் பாதை போட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள். இப்போது எது பருவம், எது ஓய்வுப் பருவம் என்பதே தலைகீழாகிவிட்டது. சைக்ளோகிராஸில் பெரிய பெயர்களுக்கு வருகைக்கென்று தனித் தொகை உண்டு என்றாலும், பெரும்பணமும் புகழும் சாலையில்தான். அதனால் வான் டெர் பூல் டிசம்பரில் வந்து, குறைந்த எண்ணிக்கையில் பந்தயங்களை ஓட்டிவிட்டு, மார்ச்சுக்காகக் கிளம்பிவிடுகிறார். தரவரிசைப் புள்ளிகள் குறைவதால் பின்வரிசையிலிருந்து புறப்பட வேண்டியிருக்கும். அப்படியும் ஓரிரு சுற்றுக்குள் முன்னால் வந்துவிடுவார். 2025-இல் ஏழாவது உலகப் பட்டம் வென்று ரோஜரின் அண்ணன் எரிக் டி விளாமிங்கின் பழைய சாதனையைத் தொட்டதும் இப்படித்தான். சாலையின் ஆறு மணி நேரத்தைத் தாங்கப் பழகிய உடலுக்குச் சேற்றின் ஒரு மணி நேரம் எளிதாகிவிட்டது. கோடை முழுக்கச் சைக்ளோகிராஸையே நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவரிடம் தொடர்ந்து தோற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

பெண்கள் பிரிவில் இந்தத் தாவல் இன்னும் இயல்பாக நடக்கிறது. மரியன் வோஸ் எட்டு சைக்ளோகிராஸ் உலகப் பட்டங்களும் மூன்று சாலை உலகப் பட்டங்களும் 2012 ஒலிம்பிக் சாலைத் தங்கமும் வென்றவர். பிரான்ஸின் பொலின் ஃபெரான்-பிரேவோ 2015-இல் சாலை, சைக்ளோகிராஸ், மலைச் சைக்கிள் ஆகிய மூன்று உலகப் பட்டங்களையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். பத்தாண்டு கழித்து, 2025-இல், பெண்கள் ரூபேயையும் பெண்கள் டூரையும் வென்றார். பெண்கள் சாலைப் பந்தயங்கள் பெரும்பாலும் 150 கி.மீ. அளவில் முடிவதால் கடக்க வேண்டிய நீளம் குறைவு என்பது இதற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

பெங்களூரில் நமக்கு இதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நம் ஓட்டக்காரர்களின் அளவுகோல் நந்தி ஏற்றம். நகரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. போய், எண் பலகை வைத்த 40 வளைவுகளைக் கடந்து ஏறும் ஏழெட்டு கிலோமீட்டர். எத்தனை நிமிடத்தில் ஏறினாய் என்பதுதான் டீக்கடைப் பேச்சு. அது ஒரே சீரான உழைப்பு. அதனால் நல்ல கால்பலம் உள்ளவர்கள்கூட உள்ளூர்ச் சுற்றுப்பாதைப் பந்தயத்தில் வளைவுதோறும் இரண்டு சைக்கிள் நீளம் இழந்து, அதைப் பிடிக்கவே சக்தியைச் செலவழித்து, கடைசிச் சுற்றில் காணாமல் போகிறார்கள். நான் பலமுறை கண்ணால் பார்த்தது இது. மழைக்காலத்தில் சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்தி நின்ற இடத்திலேயே மிதிப்பவர்கள், வாரம் ஒரு முறையாவது தேவனஹள்ளி, சிக்கபள்ளாப்பூர் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் செம்மண் வண்டிப்பாதைகளில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். பழைய மலைச் சைக்கிள் போதும். காற்றைக் குறைத்து, ஒரு சிறு சுற்றைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் முன்னதாகவே பிரேக் பிடித்து, வெளியே வந்ததும் எழுந்து மிதிக்கப் பழக வேண்டும். காட்டுப் பகுதிக்குள் போவதானால் வனத்துறை அனுமதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீளத்தைப் பொறுத்தவரை நம்மவர்களிடம் இருக்கும் பெரிய குறை சாப்பாடு. நந்திக்குப் போய்த் திரும்பும் 120 கி.மீ.யையும் தண்ணீரை மட்டும் குடித்து ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பத்து இட்லி சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். யார்க்‌ஷரில் வான் டெர் பூலுக்கு நேர்ந்தது அவர்களுக்கு மாதம் ஒரு முறை யெலஹங்காவுக்கும் ஹெப்பாலுக்கும் நடுவே நேர்கிறது. கிளம்பி அரை மணி நேரத்துக்குள்ளேயே முதல் வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட வேண்டும். பிறகு பசிக்கக் காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பேரீச்சம்பழமோ கடலைமிட்டாயோ ஒரு வாய். விலை உயர்ந்த சக்கரம் வாங்குவதைவிட இது கடைசி ஒரு மணி நேரத்தில் அதிகம் உதவும்.